இரும்பு படாத தண்ணீர்

முதலில் நத்தை விழுந்தது. தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்ந்து திரியும் கடல் நத்தை அது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது விளக்கைப் போட்டேன். மணலில் மல்லாந்து கிடந்தது. கையை விட்டு நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தபோது மறுபடியும் அதே இடத்தில் மல்லாந்து கிடந்தது. நத்தைகளுக்கு அப்படி ஆவதுண்டு என்று நாள்குறிப்பில் எழுதிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.

எங்கள் வீடு ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகும் பாதையில் இருக்கிறது. இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். அது போதாதென்று கடல் தண்ணீரையும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவள் நான் ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். என் கணவர் போர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனியில்தான் அவளும் வேலை பார்க்கிறாள். தொட்டி வந்த புதிதில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“உப்பு போட்டாச்சு, மீனும் போட்டாச்சு. கொஞ்சம் புளியும் மொளகாப்பொடியும் போட்டுட்டீகன்னா சோலி முடிஞ்சுது டீச்சர்.”

“இந்தக் கட்டைவெரல் மீனு எத்தனை பேருக்குக் காணும்?”

“நீங்க அண்ணாச்சிக்கு ஊத்துற கொழம்புக்கு இதுவே அதிகம்.”

நான்கு மீன்கள். எல்லாமே டாம்சல் வகை. இரண்டு, மஞ்சள் வால் வைத்த நீலம். ஒன்று, வெள்ளை உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. ஒன்று முழுக் கறுப்பு, நெற்றியிலும் இரண்டு பக்கங்களிலும் வெள்ளைப் பொட்டு. மதுரைக் கடைக்காரர் விற்கும்போதே எச்சரித்தார்: பார்க்க அழகாக இருக்கும், குணம் சரியிருக்காது. உண்மைதான். ஆளுக்கொரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லைக்குள் வருகிற எதையும் விரட்டின. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் கறுப்பு மீன் வந்து என் விரல் முட்டியைக் கடிக்கும். வலிக்காது. ஆனால் அத்தனை சிறிய உடம்பில் அத்தனை கோபம் இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மீனுக்குத் தீனி போடுவது, கண்ணாடி துடைப்பது, தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. உப்பு கலப்பதும் மின்சாரமும் என் கணவரின் பொறுப்பு. நாங்கள் பேசி வைத்துக்கொண்ட பிரிவினை இல்லை. அவர் கை தானாக அங்கே போனது. விஸ்வநத்தம் பக்கத்தில் அவருடைய கம்பெனி. வெடிமருந்து அடைக்கும் கொட்டகைகளுக்கு, அவர்கள் பேச்சில் செட்டுகளுக்கு, அவர்தான் பொறுப்பு. அங்கே இரும்பு ஆகாது. இரும்பு உரசினால் பொறி. எனவே கரண்டி மரத்தில், சல்லடை பித்தளையில், சட்டை பருத்தியில், கால் வெறுங்கால். செட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். வேலைக்கு வருகிற பெண்கள் தகட்டைத் தொடும்போது இவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார்களாம். போர்மேன் முகம் தெளிவாக இருந்தால் அன்றைய நாள் தெளிவு.

அந்தப் பழக்கத்தோடேயே தொட்டிக்கும் உப்புக் கலந்தார். பிளாஸ்டிக் டப்பில், மர அகப்பையால், ஒரே திசையில். “இரும்பு படக்கூடாது” என்பார். கடல் மீனுக்கும் அது நல்லதுதான், உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும். நான் மறுத்ததில்லை.

நத்தைக்குப் பிறகு, சங்குக்குள் குடியிருக்கும் சிறிய நண்டு சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. வீட்டைத் துறந்து வந்து சாகிற உயிரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உப்பின் அடர்த்தியைப் பார்த்தேன், சரி. அம்மோனியா பார்த்தேன், இல்லை. சூடு சரி. அடுத்த வாரம் நீல மீன்களில் ஒன்று பம்பு தண்ணீரைக் கொட்டும் இடத்தில் நின்றுகொண்டு செவுள்களை அடித்துக்கொண்டது. பாதித் தண்ணீரை மாற்றினேன். தெளிந்தது. ஓரிரு நாள் தின்றது, மற்றவற்றை விரட்டியது. பிறகு மறுபடியும் அதே இடம், அதே மூச்சு. மறுபடி மாற்றினேன். மறுபடி தெளிந்து, மறுபடி விழுந்தது. ஒரு காலையில் பாறைக்குப் பின்னால் வெளுத்துக் கிடந்தது. அந்த நீலம் உயிரோடு இருக்கும்போது மட்டும்தான் நீலமாம்.

மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து எதும் ஊத்துனீங்களா மேடம்? காப்பர் மருந்து?”

“இல்லை.”

“மொதல்ல நத்தை, அப்புறம் நண்டு, அப்புறம் மீன்னு வரிசையாப் போனா அது செம்புதான். எங்கிருந்தோ தண்ணில செம்பு எறங்குது. பாருங்க.”

செம்பைச் சோதிக்கும் சொட்டு மருந்தை வரவழைத்தேன். குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டுகளை விட்டேன். மங்கலான நீலம் ஏறியது. வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நீலம்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “நீங்க மருந்து கிருந்து எதும் ஊத்துனீகளா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு ஊத்தப்போறேன்? மீனு உன் சோலி.” குப்பியைப் பார்த்தார். “இது என்னது, நீலம்?”

“செம்பு இருந்தா நீலம் காட்டும்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. “வாணத்துல நீலம் வரணும்னா நாங்க செம்புச் சரக்குதான போடுதோம்” என்றார். விரல்களை விரித்து நகக்கண்களைப் பார்த்தார். பாதிச் சோறு தட்டில் இருக்க எழுந்து போய்விட்டார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று தொடங்கியது. கம்பெனியில் குளித்துவிட்டு வருகிறவர், வீட்டு வாசலில் மறுபடியும் குளித்தார். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டார். தொட்டி இருக்கும் அறைக்குள் வருவதை நிறுத்தினார். உப்பை நானே கலந்துகொள்ள வேண்டியதாயிற்று. அகப்பையைக் கூடப் புதிதாக வாங்கிவந்து, காகிதம் பிரிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுக்கு ஸ்பூன் கேட்டார். திருமணமான நாளிலிருந்து அவர் ஸ்பூனில் சாப்பிட்டு நான் கண்டதில்லை.

“மீனுக்கு ஆகாதது மனுசனுக்கு ஆகுமா? நீ இந்த வீட்டுலதான இருக்க” என்றார்.

தொட்டித் தண்ணீரை முழுவதும் மாற்றினேன். மீதி மூன்று மீன்களும் சில நாட்கள் நன்றாக இருந்தன. பிறகு பட்டை மீன் தின்பதை நிறுத்தியது. சோதித்தேன். நீலம்.

பக்கத்து வீட்டுக்காரி மாலையில் வந்து படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பேச்சு எப்போதும் சிரிப்பில்தான் தொடங்கும்.

“அண்ணாச்சி கை கழுவுற கழுவுக்கு ரேகையே அழிஞ்சிருச்சு டீச்சர். ரேசன் கடையில வெரல வச்சா மெசினு ‘யாருலே நீ’ன்னு கேக்கப்போகுது.”

நான் சிரித்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

“தகட்ட எங்களையும் ரெண்டு மூணு வாட்டி தொடச் சொல்லுதாக. தொட்டுட்டு உள்ள போனா, திரும்பக் கூப்பிட்டு மறுக்காத் தொடுங்காக. சீசன் நேரம், ஆர்டரு குமிஞ்சு கெடக்கு. பொம்பளைக பயப்படுதுக டீச்சர். போர்மேனுக்கே கை நடுங்குதுன்னு பேசிக்கிடுதுக. நடுங்குதா என்ன?”

“இல்ல” என்றேன்.

அவர் கை நடுங்கத்தான் செய்தது. தேநீர்த் தம்ளரை எடுக்கும்போது பார்த்திருந்தேன். அந்தக் கைதான் காலையில் வெடிமருந்தின் அளவைச் சரிபார்க்கிறது. அந்தக் கையைப் பார்த்துத்தான் நாற்பது பெண்கள் உள்ளே போகிறார்கள். தொட்டியில் சாவது எதனால் என்பது இனி மீன்களைப் பற்றிய விஷயமாக மட்டும் இல்லை.

பட்டை மீனும் செத்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டாவது நீலம். அவர் அறை வாசலில் நின்று, வலைக்கரண்டியில் நான் எடுத்துவருவதைப் பார்த்தார். “நான் வேணா கொஞ்ச நாளைக்குக் கம்பெனி குவாட்டர்ஸ்லயே தங்கிக்கிடுதேன்” என்றார். வாட்ச்மேன் தங்கும் அறை அது. செட்டுகளுக்கு ரொம்பப் பக்கம். “வேண்டாம்” என்றேன். பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

எனக்குக் கணக்கு வாத்தியார் புத்தி. ஒன்று நீங்கிய பிறகும் விளைவு நீங்கவில்லை என்றால் அது காரணம் இல்லை. அவர் தொட்டிப் பக்கம் வந்து வாரங்கள் ஆகிவிட்டன. தண்ணீர் புதிது, டப் புதிது, அகப்பை புதிது. கலந்து வைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் முன் சோதித்தேன், நீலம் ஏறவில்லை. ஊற்றி மூன்றாம் நாள் சோதித்தால் நீலம். ஆக, வெளியிலிருந்து வரவில்லை. தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். “பாறையில ஊறியிருக்கும். என் கையில இருந்து போனதுதான்” என்றார். அவருக்குத் தன் கைமேல் இருந்த சந்தேகத்தை விட மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கறுப்பு மீனைப் பிடித்துப் புதுத் தண்ணீர் வாளியில் விட வேண்டும். பிறகு ஒவ்வொரு பாறையாக வெளியே எடுக்க வேண்டும். ஆனால் பாறைகள் இருக்கும்வரை டாம்சலைப் பிடிக்க முடியாது, இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். அதனால் பாறையிலிருந்து தொடங்கினேன். கறுப்பு மீன் பார்த்துக்கொண்டு நின்றது. என் கை அதன் இடுக்கை ஒட்டிப் போயிற்று. கடிக்கவில்லை.

இரண்டு பாறைகளை எடுத்து வெளியே வைத்தேன். தரையெல்லாம் தண்ணீர். மூன்றாவது பாறைக்குப் பின்னால், பின்கண்ணாடியை ஒட்டி, பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்றுதான் நினைத்தேன். விரலால் தொட்டேன். சுருள் சுருளாக இருந்தது. உறை உரித்த கம்பி, சுருட்டிய ஸ்பிரிங் மாதிரி. மேலெல்லாம் பச்சை பூத்த செம்பு. அங்கிருந்து மேலேறி, பம்பு வயரோடும் விளக்கு வயரோடும் சேர்த்து நூலால் கட்டப்பட்டு, சன்னல் வழியாக வெளியே போனது. எட்டிப் பார்த்தேன். சுவரோடு சுவராக இறங்கி, அடிபம்பின் இரும்புக் குழாயில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

வந்த நிம்மதியை என்ன சொல்ல. அவர் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்ட வேண்டும், ஆனால் முதலில் அந்தச் சனியன் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். இழுத்து எடுத்துச் சன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டேன். பிறகு மூன்றாவது பாறையைத் தூக்கக் கையை உள்ளே விட்டேன்.

தோள்பட்டையில் யாரோ உலக்கையால் அடித்ததைப் போல இருந்தது. பாறை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் தரையில், சுவரில் முதுகு சாய்ந்து கிடந்தேன். வலது கை என்னுடையதாகவே இல்லை.

சத்தம் கேட்டு ஈரத்துண்டோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். முதலில் ஓடியது மெயின் சுவிட்சுக்கு. வீடே அடங்கிப் போயிற்று. பிறகு வந்து என் கையைப் பிடித்துத் தேய்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் என்னைத் தொட்டார்.

“அத ஏன் வெளிய எடுத்த? ஏன் எடுத்த?”

“எப்ப போட்டீக அத?”

“கோடையில. உப்புத்தண்ணி ஊத்துறப்ப வெரல்ல சுருக்குன்னுச்சு. பம்பு எங்கனயோ கசியுது போலன்னு நெனச்சேன். நீ தெனமும் கைய விடுத. அதான் எர்த் குடுத்தேன்.”

“சொல்லவேயில்லையே.”

“என்னத்தச் சொல்ல? கதவுக்குத் தாப்பா போட்டா, போட்டுட்டேன்னு ஊரக் கூட்டிச் சொல்லுவாகளா?”

“எதும் போட்டீகளான்னு கேட்டேன்ல? குப்பியக் காட்டிக் கேட்டேன்ல?”

“மருந்து ஊத்துனேனான்னுதான கேட்ட. இது...” சன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த பச்சைச் சுருளைப் பார்த்தார். “இது தகடுல்லா. தகடு காப்பாத்துறதுதான.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பியைத் தான் ‘போட்ட’ ஒன்றாக அவர் நினைத்ததே இல்லை. இரும்பு கொல்லும், செம்பு காக்கும் என்று இத்தனை வருடங்கள் உள்ளங்கையில் பழகிய மனிதர். கம்பி என் கையைக் காத்தது உண்மை. கசிந்த மின்சாரத்தை அது மண்ணுக்குக் கடத்திக்கொண்டிருந்தது. அதே நேரம் உப்புத் தண்ணீரில் கரைந்து ஒவ்வொன்றாகக் கொன்றதும் அதுதான்.

கறுப்பு மீனைப் பிடித்து வாளியில் விட்டோம். பம்பைக் கழற்றிப் பார்த்தார். வயர் அதன் உடம்புக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நான் சொன்னேன், “பாத்தீகளா, உங்க கையில ஒண்ணுமில்ல. இனி நிம்மதியா இருங்க.”

அவர் முகம் தெளியவில்லை. கம்பியை மடியில் வைத்துக்கொண்டு பச்சையை நகத்தால் சுரண்டினார்.

“கைன்னா கழுவிரலாம்” என்றார்.

கம்பியைக் கீழே வைத்துவிட்டு, “செட்டுல இப்படி எவெவன் என்னென்ன சொல்லாமச் செஞ்சு வச்சிருக்கானோ” என்றார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் மரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டாராம். பாதுகாப்புக்காக என்று நீங்களாகச் செய்கிறது என்ன, யாரையும் வைய மாட்டேன், சொல்லுங்கள் என்று. ஒன்றும் இல்லை அண்ணாச்சி, நீங்கள் சொன்னதுதான் செய்கிறோம் என்றார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி வாளியைப் பார்க்க வந்தாள். கறுப்பு மீன் அடியில், ஆனால் நேராக நின்றது. செவுள் அடிப்பது குறைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்: கம்பி, சன்னல், என் கை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நல்ல புருசன் டீச்சர் உங்களுக்கு! பொண்டாட்டியக் காப்பாத்த மீனக் கொன்னுருக்காக. எங்க வீட்டு ஆளா இருந்தா மீனக் காப்பாத்தியிருக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்குத்தான் மத்தியானம் எங்கள ஒக்காரவச்சு வெசாரணையா? நாங்க என்னத்தச் செய்யப்போறோம். பாதுகாப்பா இருக்கத்தான் எல்லாம். நான்லாம் மேசை தொடைக்கிற சாக்கக் கூட ஈரம் பண்ணித்தான் வச்சுட்டு வாரேன்.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

“எந்தச் சாக்கு?”

“மருந்து சிந்துனதத் தொடைப்போம்லா அண்ணாச்சி, அந்தச் சாக்கு. காஞ்சு கெடந்தா ஆபத்துன்னு லேசாத் தண்ணி தெளிச்சு மடிச்சு வைப்பேன்.”

“வெளிய குழியில போடச் சொல்லியிருக்குல்ல?”

“குழி அம்புட்டு தூரத்துல இருக்கு. வேன்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருப்பான்.” அவள் குரல் இறங்கியது. “தண்ணிதான அண்ணாச்சி? தண்ணி பட்டா அணைஞ்சுதான போகும்?”

அவள் இந்த சீசனில்தான் சரம் பின்னும் இடத்திலிருந்து மருந்துச் செட்டுக்கு மாறியவள். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் கொஞ்சமாக ஈரம் பட்டு மூடிக் கிடந்தால் தானாகவே சூடேறும் என்பது எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும். தண்ணீரில் முழுக்க முக்கினால் பயமில்லை. தெளித்து மடித்து வைப்பதுதான் மோசம்.

“இன்னைக்கும் வச்சுட்டு வந்தியா?”

“பலகைக்கு அடியில. சனிக்கிழமை வச்சதும் கீழ இருக்கும்.”

அவர் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, செட்டுப் பக்கம் போகாதே, வாளிகளில் தண்ணீர் நிரப்பி வை, நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். வண்டியை எடுத்தார். எங்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் வலது கையில் இன்னும் முழுதாக உணர்வு வரவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டேன். விஸ்வநத்தம் பக்கம் வானம் வெறுமையாக இருந்தது. வழக்கமாக அந்நேரம் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். எங்கோ ஒரு லாரி லோடு இறக்கி, பின்கதவை அடித்துச் சாத்தியது. இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தோம்.

அந்திக் கருக்கலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவர்தான். சட்டையெல்லாம் நனைந்து, முழங்காலில் மண். வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அவள் கேட்டாள், “இருந்துச்சா அண்ணாச்சி?”

“இருந்துச்சு.” உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். “கீழ இருந்தது சூடா இருந்துச்சு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையிலிருந்து, “நாளைக்கு நான் வேலைக்கு வரவா, வேண்டாமா?” என்று கேட்டாள்.

“வா” என்றார் அவர். “வந்து, என்கிட்ட சொன்னத அவுக எல்லாருகிட்டயும் சொல்லு. நான் கம்பியப் பத்திச் சொல்லுதேன். அப்புறமா அவுக சொல்லட்டும்.”